ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டது

பக்கத்து எஸ்டேட்காரர் நல்லவரா என்று விசாரிக்க ஏட்டு வந்தபோது நான் களத்தில் காப்பிப் பழத்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். எழுதவேண்டியது எல்லாம் எழுதி முடித்திருந்தது. என் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"படிச்சுப் பாக்கோணுமுங்களா அக்கா?" என்றார். குரலில் லேசான வருத்தம்.

படித்தேன். மனுதாரரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும், அவர் ஒழுக்கமானவர், மதுப்பழக்கம் இல்லாதவர், அக்கம்பக்கத்தாருடன் இணக்கமாக வாழ்பவர், அவருக்குக் கைத்துப்பாக்கி உரிமம் வழங்க எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை என்றெல்லாம் நான் சொல்லியிருந்தேன். வாயைத் திறப்பதற்கு முன்பே இவ்வளவு பேசிவிட்டேனே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் வரி உண்மை. அவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அதனால்தான் மற்ற வரிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட முடியவில்லை.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மலைமேல் வாழவந்தி கிராமத்துக்கு அப்பால் கொஞ்சம் காப்பித் தோட்டமும், சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் மூன்று அறைகளும் வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறேன். என் வேலியைத் தாண்டினால் அவருடைய எஸ்டேட். அப்பா விட்டுப்போன காடு. கூடவே அப்பா விட்டுப்போன இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. பன்றி விரட்டுவதற்கு என்று லைசென்ஸில் எழுதியிருக்கும். அந்தத் துப்பாக்கியால் அவர் இதுவரை ஒரு பன்றியைக்கூடப் பயமுறுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. என்னை ஒருமுறை பயமுறுத்தியிருக்கிறார். ஒரு மாலையில் நாலு கிளாஸ் உள்ளே போன தைரியத்தில் வேலியோரம் ஏதோ அசைகிறது என்று சுட்டார். அசைந்தது என் வாழைமரம். குண்டு போய் என் தண்ணீர்த் தொட்டியில் பாய்ந்தது. மறுநாள் காலையில் புதுத் தொட்டியோடு வந்து நின்றார். வருத்தம் தெரிவித்தார் என்று சொல்லமாட்டேன். இந்தக் காலத்துப் பன்றிகள் நொம்பத் தந்திரம் என்று எனக்கு விளக்கிவிட்டுப் போனார்.

இதை ஏட்டிடம் சொன்னேன். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. மலையில் எல்லோருக்கும் தெரியும்.

"அது பழைய துப்பாக்கிங்க அக்கா," என்றார் பொறுமையாக. "இப்ப விசாரணை புதுத் துப்பாக்கிக்கு."

"சுடுறவரு அதே ஆளுதானுங்களே?"

"அவரு ஏற்கெனவே லைசென்ஸ் வெச்சிருக்கறவருங்க. அதைக் குடுக்கறப்பவே நல்லா விசாரிச்சிருப்பாங்க. இப்ப மறுபடி விசாரிக்கறதெல்லாம் ஒரு சடங்குதானுங்க."

அந்தப் பழைய விசாரணையை யார் செய்தார்கள் என்று பின்னால் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். அப்பா இறந்ததும் மகன் பெயருக்கு லைசென்ஸ் மாறியது. வீட்டில் ஏற்கெனவே துப்பாக்கி இருந்ததால் புதிதாக விசாரிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்களாம். அப்பாவுக்கு எப்படிக் கிடைத்தது என்றால், அவர் எஸ்டேட்டை வாங்கியபோது பழைய முதலாளியின் துப்பாக்கியும் அதோடு வந்தது. பழைய முதலாளி லைசென்ஸ் வைத்திருந்தவர், எனவே வாங்குகிறவரும் யோக்கியராகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவானது. ஆக, யாரோ ஒருவர் எப்போதோ நல்லவராக இருந்திருக்கிறார். அந்த நல்ல பெயர் பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி கைமாறிக் கைமாறி என் பக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

புதுத் துப்பாக்கி ஆசை அவருக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் பிடித்தது. கீழே சமவெளியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த போர்வெல் ரிக் வண்டி முதலாளி ஒருவர் பாயசத்துக்குக் கை நீட்டியபோது சட்டை மேலே ஏறி, இடுப்பில் பிஸ்டல் தெரிந்திருக்கிறது. அதைப் பார்த்த பரிமாறுகிற பையன் அந்த முதலாளிக்கு மட்டும் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினானாம். இவர் மலைக்குத் திரும்பி வந்து என்னிடம் பாயசத்தைப் பற்றிச் சொல்லவில்லை. காலம் கெட்டுக் கிடக்கிறது, பாதுகாப்பு வேணும் என்று சொன்னார்.

கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் உயிருக்கு ஆபத்து இருப்பதாகக் காட்டவேண்டும். அங்கேதான் அவருக்குச் சிக்கல். அவரைக் கொல்லும் அளவுக்கு அவர்மேல் அக்கறை உள்ளவர் யாரும் எங்கள் மலையில் இல்லை. ஊருக்குள் ஒண்டிக்கடை முக்கில் டீ குடித்துக்கொண்டு பகையாளிகளைப் பற்றி யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறார். காட்டெருமை ஒன்று ஜீப்பை முட்டியது உண்டு. ஆனால் காட்டெருமை மேல் புகார் எடுக்கமாட்டார்கள். கடைசியில் கிடைத்தவர், எங்களுக்கு மேலே வீடும் நிலமும் வைத்திருக்கும் ஒரு விவசாயி.

அவரும் எனக்குப் பழக்கம்தான். பரம்பரையாக மலையில் வெள்ளாமை செய்கிறவர்கள். கொஞ்சம் ராகி, கொஞ்சம் குச்சிக்கிழங்கு, நாலைந்து பலா, கொய்யா. பழங்களைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இவருடைய எஸ்டேட்டின் ஓரமாக இறங்கி பஸ் ரோட்டுக்கு வருவார். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் அந்த வழியில்தான் வந்தார். அங்கே ஒரு கேட்டைப் போட்டுப் பூட்டினார் எஸ்டேட்காரர். விவசாயி தலையில் பலாப்பழத்தோடு நின்றுகொண்டு, "கேட்டைப் பூட்டிப்போட்டா நான் எங்கிட்டுங்க போறது, பறந்தா போறது?" என்று கேட்டிருக்கிறார். இதுதான் அந்த மிரட்டல். புகார் மனுவில் அது, உயிருக்கு ஊறு விளைவிக்கும் வகையில் ஆவேசமாகப் பேசி அச்சுறுத்தினார் என்று வளர்ந்திருந்தது.

விவசாயியை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் காலையிலிருந்து பஸ் போகிற நேரம் வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். திரும்பி வருகையில் என் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். "என்னத்தச் சொல்லி மிரட்டுனன்னு கேட்டாங்க. பறந்தா போறதுன்னு கேட்டனுங்கன்னேன். அதை அவங்க எழுதிக்கலீங்க."

அவர் துப்பாக்கியே அறியாதவர் இல்லை. கிழங்குக் காட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து, அவரும் ஒருகாலத்தில் லைசென்ஸுக்கு மனுப் போட்டவர்தான். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாத்தாவை வரச்சொல்ல வழியில்லை. வீட்டில் பழங்காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடந்ததையும், லைசென்ஸ் இல்லாததை ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஜீப்பில் மைக் கட்டி அறிவித்தபோது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். இப்போது பழைய எண்ணெய் டின்னைத் தட்டிப் பன்றி விரட்டுகிறார். ஆக, பன்றி வருகிறவருக்கு டின். யாரும் வராதவருக்கு பிஸ்டல்.

ஏட்டு கொண்டுவந்த காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு தாளில், தொட்டி சுடப்பட்டதையும், மனுதாரர் தினமும் குடிப்பதையும், குடித்தால் அவருக்கு வாழைமரத்துக்கும் பன்றிக்கும் வித்தியாசம் தெரியாது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஏட்டு அதை இரண்டு விரலால் வாங்கி நாலாக மடித்தார்.

"இதை எந்த ஃபைல்ல வெக்கறதுங்க அக்கா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அவர் கெட்ட மனிதரில்லை. இன்றைக்குள் முடி என்று மேலே இருந்து யாரோ சொல்லியிருப்பார்கள். மடித்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தச் சட்டை துவைக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

லைசென்ஸுக்கு, பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவராவது மனுதாரர் நல்லவர் என்று சொல்லியே ஆகவேண்டும். எஸ்டேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்களாவின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். கீழே பள்ளத்தாக்கு. மிச்சம் இருந்தது மேலே இருக்கும் ஒரே வீடு. ஏட்டு பைக்கை முடிந்த மட்டும் ஏற்றி, மிச்சத்தை நடந்து, அந்த வீட்டுக்குப் போனார். மனுதாரரின் உயிருக்கு யாரால் ஆபத்து என்று புகாரில் எழுதியிருந்ததோ, அதே விவசாயியின் வீட்டுக்கு. அவரிடம் போய், மனுதாரர் நல்லவரா என்று கேட்டார். நல்லவர் என்று விவசாயி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த தடவை அவர் இறங்கி வந்தபோது மறித்துக் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, உங்களைக் கூட்டிப்போயி உக்காரவெச்சவருக்கு நீங்களே நல்லவருன்னு எழுதிக் குடுக்கறீங்களே?"

அவர் சாக்கைத் தலையிலிருந்து இறக்கி வைத்தார். "கையெழுத்துப் போட்டா எம்மேல இருக்கற புகாரை முடிச்சர்றேன்னு ஏட்டு சொன்னாருங்க. நாங்க ரெண்டு பேரும் இணக்கமா இருக்கறோம்னு அந்தத் தாள்லயே எழுதியிருக்குதாமா. அவரு நல்லவருன்னு நான் சொன்னா, நான் கெட்டவன் இல்லீன்னு ஆயிருமாமுங்க." ரோட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, "பஸ்ஸு போயிருமுங்க," என்று சாக்கைத் தூக்கிக்கொண்டார். கோபப்படுவதற்கு எனக்கு நேரம் இருந்தது. அவருக்குப் பழம் வாடும்.

ஒரே ஃபைலில் ஒரே ஆளுடைய பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒரு தாளில், இவரால் மனுதாரர் உயிருக்கு ஆபத்து. இன்னொரு தாளில், மனுதாரர் தங்கமானவர் என்று இவரே சாட்சி. அந்த ஃபைல் எத்தனையோ மேசைகளைக் கடந்து போனது. ஒவ்வொரு மேசையிலும் ஆட்சேபணை இல்லை என்று ஒருவர் எழுதினார். மேலே உள்ள மேசைக்காரர் கீழே உள்ள மேசைக்காரர் படித்திருப்பார் என்று நம்பினார். கீழே உள்ளவர், மேலே எப்படியும் படிப்பார்கள் என்று நம்பினார். இப்படி ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையில்தான் அரசாங்கம் நடக்கிறது.

நான் மூன்று அறையை வாடகைக்கு விடுவதற்கு அனுமதி கேட்டபோது எனக்கு வந்த விசாரணை நினைவுக்கு வந்தது. தீயணைப்பு வாளி எங்கே, கேமரா எங்கே, கக்கூஸுக்கு ஜன்னல் உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமைக்கிறவருக்குத் தோல் வியாதி உண்டா என்று ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டார்கள். தலையணை உறையைத் திருப்பிப் பார்த்த ஒரு அதிகாரியும் உண்டு. என் இட்லியால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடக்கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த கவலை மெச்சத்தக்கது.

எஸ்டேட்காரரிடமும் சில காகிதங்கள் கேட்டார்கள்தான். மனநலம் சரியாக இருக்கிறது என்று ஒரு டாக்டர் சொல்லவேண்டும். முட்டிவலிக்குப் போகிற டாக்டரிடமே அதையும் வாங்கிக்கொண்டார். நன்றாகத் தூக்கம் வருகிறதா என்று டாக்டர் கேட்டாராம். வருகிறது என்றாராம். துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்றதாக இன்னொரு சான்றிதழ் வேண்டும். ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னவுடன் பயிற்சி கொடுப்பவர் எழுந்து நின்று கைகொடுத்தாராம்.

பிஸ்டல் வாங்கி வந்த அன்று எனக்கும் இனிப்புக் கொடுக்க வந்தார். ஆட்சேபித்தவளுக்கும் ஸ்வீட் என்பதுதான் அவருடைய பெருந்தன்மை. அதை வாங்கியது பெரிய ஊர்க் கடையில். கண்ணாடிக் கதவு, ஏசி. அவர் தெளிவாக இருக்கிறாரா, எதற்கு வாங்குகிறார் என்று யாராவது கேட்டிருப்பார்களோ என்று எனக்கு ஒரு ஆசை. கேட்டேன்.

"லைசென்ஸைக் காட்டினேனுங்க. அவ்வளவுதான்," என்றார் பெருமையாக. "உறை கருப்புல வேணுமா, பழுப்புல வேணுமான்னு கேட்டாங்க."

லைசென்ஸ் இருந்தால் கடைக்காரர் விசாரிக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் கொடுத்தவர்கள் விசாரித்திருப்பார்கள். லைசென்ஸ் கொடுத்தவர்கள் பழைய லைசென்ஸைப் பார்த்தார்கள். பழைய லைசென்ஸ் அப்பாவைப் பார்த்தது. அப்பா படத்தில் மாலையோடு இருக்கிறார். அவரை யார் போய்க் கேட்பது?

பழுப்பு உறையோடு அவர் ஊருக்குள் வலம் வர ஆரம்பித்தார். ஒண்டிக்கடையில் டீக்கடை முன்னால் நின்றால், காற்றே இல்லாத நாளிலும் சட்டை நுனி தானாகத் தூக்கிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று போலீஸா என்று கேட்டிருக்கிறது. அவர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, புன்னகைத்தார். பேக்கரி நாற்காலியில் பிஸ்டலின் கைப்பிடி இடித்ததால் உட்காருவதை விட்டுவிட்டார். கீழே விழுந்ததைக் குனிந்து எடுப்பதையும் விட்டுவிட்டார். பாயசம் யாராவது கூடுதலாக ஊற்றினார்களா என்று எனக்குத் தகவல் இல்லை.

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் வருவது அவர் மனைவி சொன்னது.

அந்த எஸ்டேட்டை நடத்துவது அந்த அம்மாள்தான். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது, நாற்றுப் போடுவது, மிளகுக்கொடி கட்டுவது, காப்பியை விலைபேசிக் கொடுப்பது எல்லாம் அவர். அதிகம் பேசமாட்டார். வேலியோரம் நின்று பேசினால் மழை, காய், ஆள் கூலி, அதோடு சரி. ஒருநாள் காலையில், ஏணி வேண்டும் என்று என் வீட்டுக்கு வந்தார். அவர்கள் வீட்டில் என்னுடையதைவிட நல்ல ஏணி இருப்பது எனக்குத் தெரியும். காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றிக்கொண்டே இருந்தார்.

கீழ்க் காடு அந்த அம்மாள் பெயரில் இருந்தது. அதை ரிசார்ட் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட வேண்டும் என்று கணவர் கொஞ்ச நாளாகவே சொல்லிவந்தார். இவர் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணவர் விற்பனைக் காகிதத்தை மேசையில் வைத்தார். கூடவே, இடுப்பிலிருந்து அதை எடுத்து, ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எதுக்குங்க அது இங்கன்னு கேட்டேன். சும்மா இருக்கட்டுமுன்னாரு." அந்த அம்மாள் குரல் மாறவே இல்லை. "நீட்டலீங்க. தொடக்கூட இல்லை. அது பாட்டுக்கு இருந்துச்சு. நான் மோர் ஊத்தட்டுமான்னு கேட்டேன். ஊத்துன்னாரு. ஊத்துனேன்."

"கையெழுத்துப் போட்டயா கண்ணு?"

"இல்லீங்க அக்கா. போடல. எந்திரிச்சுப் போயிப் பாத்திரம் கழுவுனேன். கழுவுனதையே மறுபடியும் கழுவிட்டு இருந்தனுங்க."

கணவர் சாப்பிட்டு முடித்துத் தூங்கிவிட்டார். நன்றாகத் தூக்கம் வருகிறவர் என்று டாக்டர் சான்று இருக்கிறதே.

அந்த அம்மாள் காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார். "மலையெல்லாம் சுத்திக் கேட்டாங்களாமே அக்கா, இவரு நல்லவரான்னு. எங்கூட்டுக்குள்ள வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்களே."

அப்போது என்ன செய்யலாம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. புகார் கொடுத்தால் அன்று மாலையே அவர் காதுக்குப் போகும். துப்பாக்கியும் அவரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். ஏணியை எடுத்துக்கொண்டு போனார். வந்ததற்கு ஒரு காரணம் கையில் இருக்கவேண்டும் அல்லவா.

பிறகு தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எஸ்டேட்காரர் நியாயம் கேட்டார். உயிருக்கு ஆபத்து என்று நீங்களே ஒத்துக்கொண்டுதானே கொடுத்தீர்கள், இப்போது வெறுங்கையோடு எப்படி நடமாடுவது என்று கேட்டார். ஸ்டேஷனில் ரசீது போட்டுக் கொடுத்தார்கள். பிஸ்டலையும் பழைய துப்பாக்கியையும் வைத்துவிட்டு வந்தார். அந்த வாரங்கள் முழுக்க விவசாயி தினமும் பழம் சுமந்துகொண்டு, பூட்டிய கேட்டைச் சுற்றி அவருடைய வேலியோரமாக இறங்கிப் போனார், வந்தார். கொலை எதுவும் நடக்கவில்லை.

அந்த இடைவெளியில் எஸ்டேட்காரரின் மனைவி மறுபடி வந்தார். இந்தத் தடவை ஏணி கேட்கவில்லை.

"அது ஊட்டுல இல்லாதப்பத்தானுங்க எனக்கு யோசிக்கவே முடியுது," என்றார். "லைசென்ஸ் குடுத்த ஆபீசுக்கே போலாமுங்களா? நீங்க கூட வந்தாப் போதும். பேசறதை நான் பேசிக்கறேன்."

பஸ்ஸில் போனோம். அடிவாரம் வந்து காற்றுச் சூடாகும்வரை அந்த அம்மாள் ஜன்னல் கம்பியை விடவில்லை. ஆபீசில் அந்தப் பிரிவு மாடியில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவை வாங்கிப் படித்தார். இவர்மேல் முன்னால் ஏதாவது வழக்கு உண்டா என்று கேட்டார். இல்லை. துப்பாக்கியை நீட்டி மிரட்டினாரா? இல்லை. சுட்டாரா? என் தொட்டியை. உங்களைச் சுடவில்லையே? இல்லை. அவர் மனுவைத் திருப்பி நீட்டினார். ஏற்கெனவே எல்லா விசாரணையும் முடிந்துதான் கொடுத்திருக்கிறோம், குடும்பத்துக்குள் இருப்பதைக் குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த அம்மாள் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. "நீங்க யார் யாரையோ விசாரிச்சீங்க. நான் அந்த ஊட்டுல இருக்கறவ. என்னை விசாரிக்கலீங்க. இப்ப விசாரிச்சுக்கங்க. நான் உக்காந்துக்கறேன்," என்று சொல்லி, சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். மத்தியானம் அவர்கள் சாப்பிட்டு வந்தார்கள். நாங்கள் வாழைப்பழம் தின்றோம். எதிரே ஒருத்தர் தன்னுடைய லைசென்ஸைப் புதுப்பிக்க வந்து, புதுப்பித்துக்கொண்டு போய்விட்டார். டீ வாங்கி வருகிற நேரம்தான் ஆனது.

சாயங்காலம் ஆகும்போது ஒரு பெண் அதிகாரி வெளியே வந்து, யார் இவர்கள், காலையிலிருந்து இருக்கிறார்களே என்று கேட்டார். அந்த அம்மாளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வெளியேதான் இருந்தேன். உள்ளே நடந்தது பஸ்ஸில் திரும்பும்போது தெரிந்தது. அதிகாரி கடைசிவரை கேட்டிருக்கிறார். ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் என்றபோது பேனாவைக் கீழே வைத்திருக்கிறார். எல்லாம் கேட்டு முடித்து, இப்போது பிஸ்டல் எங்கே இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"ஸ்டேஷன்லதானுங்க மேடம், தேர்தலுக்கு வெச்சது."

"அப்ப அங்கயே இருக்கட்டும்," என்றாராம்.

இதைவிடச் சிறந்த அரசாங்க உத்தரவை நான் கேட்டதில்லை. யாரும் எழுந்திருக்க வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம், எங்கும் போக வேண்டாம். இருக்கிறது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அந்த உத்தரவை நிறைவேற்றுவதில் எங்கள் நாட்டில் எந்த இலாகாவும் தவறியதில்லை.

தேர்தல் முடிந்ததும் ரசீதோடு போனவரிடம், மறுவிசாரணை முடியும்வரை பிஸ்டலைத் திருப்பித் தரமுடியாது என்றார்கள். மறுவிசாரணைக்கு அதே ஏட்டுதான் என் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை வெள்ளைத்தாள் கொண்டுவந்தார். தெரிந்ததை எழுதித் தாருங்கள் என்றார். தொட்டியிலிருந்து ஆரம்பித்தேன். எட்டிப் பார்த்து, "அது பழைய துப்பாக்கிங்களே..." என்று இழுத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "சரி, எழுதுங்க, எழுதுங்க," என்றார். விவசாயி வீட்டுக்குப் போனபோது, அவர் இந்தத் தடவை எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டாராம். அவர் தினமும் பஸ் நிறுத்தத்தில் பேப்பர் படிக்கிறவர்.

விசாரணை இன்னும் முடியவில்லை. முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பிஸ்டல் ஸ்டேஷன் பீரோவில் இருக்கிறது. பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது, அது வேறு ஃபைல். ஆனால் தோட்டாக்களை அவர் மனைவி எடுத்துத் தன் பீரோவில் பூட்டிக்கொண்டார். பாதைக் கேட்டின் பூட்டையும் ஒருநாள் அவரே கழற்றிப் போட்டார். கீழ்க் காட்டில் புதிதாக மிளகு நட்டிருக்கிறார்.

எஸ்டேட்காரர் எங்கள் இருவரோடும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசவில்லை. மனைவியோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும், சாப்பாடு வேண்டுமே. என்னோடு பேச அவருக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. ஒருநாள் வேலியோரம் நின்றுகொண்டு, "ஊட்டுக்காரியே எம்மேல மனுப் போடறதுங்களா அக்கா? ஒலகத்துல எங்காச்சும் உண்டுங்களா?" என்றார். நிஜமாகவே புண்பட்டிருந்தார். மேசையில் வைத்ததை அவர் மறந்தே போயிருந்தார். அதைச் சொன்னபோது, "நான் என்ன நீட்டுனேனுங்களா?" என்று கேட்டார்.

"ஏனுங்க தம்பி, நீட்டினா மட்டுந்தான் துப்பாக்கியா?" என்றேன்.

அவர் வேலிக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பெண்கள் பெயரில் மனுப் போட்டால் சீக்கிரம் கொடுக்கிறார்களாம், அவள் பெயரில் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். வீட்டில் ஏற்கெனவே ஒரு லைசென்ஸ் இருப்பதால் பெரிதாக விசாரிக்கமாட்டார்களாம்.

இதை நான் அந்த அம்மாளிடம் சொன்னேன். மிளகுக்கொடியைக் கட்டிக்கொண்டிருந்தவர், கையிலிருந்த நாரை வாயில் கடித்துக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போடட்டுமுங்க," என்றார். "விசாரிக்க வரட்டும். இந்தத் தடவை எங்கிட்டத்தான வந்தாகோணும்."